வரியும் வறியவரும்

நமது பாடசாலைகளில் தமிழ்த்தின விழா நடைபெறுந்தோறும் கட்டபொம்மன் மேடையேறுகின்றான். 1959ஆம் ஆண்டு வெளிவந்த திரைப்படத்தின் வசனத்தைக் கடதாசி மீசை ஒட்டிய சிறுவன் ஒருவன் மூச்சுவிடாது ஒப்பிக்கின்றான். சபையோர் கரகோஷஞ் செய்கின்றனர். ஆண்டுதோறும் அதனைக் கேட்கும் ஆசிரியர்களாகிய நாமும் கைதட்டியே வந்திருக்கின்றோம். கும்பினியார் வரி கேட்டபோது எதிர்த்து நின்றவன் கட்டபொம்மன் என்பதில் ஐயமில்லை. ஆயின், தேசகாவல், தலகாவல் என்னும் பெயர்களாற் பாளையக்காரர்கள் தத்தம் குடிகளிடமிருந்து இறை பெற்றுவந்தனர் என்பதும் வரலாறே. கும்பினிக்கும் பாளையக்காரனுக்கும் இடையில் நிகழ்ந்த அந்த வழக்கிலே, நெல்லை விளைவித்தவன் என்ன சொன்னான்? நாடகம் அவனுக்கு ஒரு வரி வசனமேனும் கொடுக்கவில்லை.

அவ்வீரனின் தியாகத்தைக் குறைத்து மதிப்பது நம் நோக்கமன்று. வரியைப்பற்றி நமது இலக்கியம் பேசிய வகையையும், அதனை நாம் படித்தும் படிப்பித்தும் வந்த வகையையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். வரி கணக்காளர்க்கும் பொருளியலாளர்க்கும் உரிய விடயம், இலக்கியகாரருக்கு அதனோடென்ன தொடர்பு என வினவுவோர் உளர். ஒரு சமுதாயம் எவரிடமிருந்து எடுக்கின்றது, எவருக்குக் கொடுக்கின்றது என்பதனைக் காட்டிலும் அதன் உள்ளத்தைத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்பதே அவர்கட்கு நாம் கூறும் விடை. பழந்தமிழ்ப் புலவர்கள் இதனை நன்குணர்ந்திருந்தனர். அவர்களுக்கு உரைவிளக்கஞ் செய்த நாமே மறந்துவிட்டோம்.

புறநானூற்றின் 184ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் அறிவுடை நம்பியிடம் சென்ற பிசிராந்தையார், வரிகொள்ளும் நெறியை அவனுக்கு எடுத்துரைத்த பாடல் அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கி ஊட்டினால், ஒரு மாவிலும் குறைந்த நிலத்தின் விளைச்சலே யானை ஒன்றிற்குப் பலநாள் உணவாகும். நூறு வயலேயாயினும் யானை தானே புகுந்து மேயுமாயின், அதன் வாயிற் புகுந்ததிலும் காலில் மிதிபட்டதே மிகுதியாகும் என்பது அதன் உவமை. வரிகொள்ளும் முறை அறிந்த அரசனின் நாடு கோடிகோடியாக ஈட்டித் தந்து தானுந் தழைக்கும். முறையறியாத சுற்றத்தோடு கூடிக் குடிகளின் அன்பு கெடப் பறிப்பவனாயின், அவனும் உண்ணமாட்டான், நாடும் கெடும் என்பது அதன் முடிபு.

பல்கலைக்கழகத்தில் நாம் இப்பாடலைக் கற்றபோது உவமையின் நயத்தையும் துறையின் பெயரையும் ஐயந்திரிபறக் கற்றோம். பாடாண் திணை, செவியறிவுறூஉத் துறை என்று எழுதிப் புள்ளிகளும் பெற்றோம். அந்த நிலம் யாருடையது என்று எவரும் கேட்டதில்லை. பாடலின் உயிரோ அவ்வினாவிலேயே தங்கியுள்ளது. புலவர் ஒரு மாவிலும் குறைந்த நிலத்தைத் தம் அளவுகோலாகக் கொண்டமை தற்செயலாக நேர்ந்ததன்று. அத்தகைய துண்டு நிலத்தை உழுது வாழ்பவன் பெருநிலக்கிழானாக இருக்கமுடியாது. சிறு நிலம் தாங்கும் பாரத்தை வைத்தே பெரு நிலத்தின் பாரத்தையும் அவர் அளக்கின்றார்.

இரண்டாவதாக, யானையின் வாய் ஒருபுறம், அதன் கால் மறுபுறம் என அவர் பகுத்துக் காட்டும் திறத்தை நோக்குதல் வேண்டும். வாய்க்குட் சென்றது யானைக்காவது பயன்பட்டது. காலில் மிதிபட்டதோ எவருக்கும் பயன்படவில்லை. உரிய காலத்துக்கு முன் கேட்கப்படும் வரிக்காக அரைவிலைக்கு விற்கப்படும் நெல்லும், தண்டலுக்கு வருவோருக்குக் கொடுக்கப்படும் கைக்கூலியும், கடனுக்காக ஏலத்திற் போன எருதும் மிதிபட்டவையே. அரசின் கணக்கேட்டில் அவை ஏறுவதில்லை. மூன்றாவதாக, பழியை அரசன் ஒருவன்மீது மட்டுஞ் சுமத்தாது அவனைச் சூழ்ந்து நிற்கும் ஆரவாரக் கூட்டத்தின்மீதும் சுமத்துகின்றார் புலவர். அக்கூட்டத்தினர் 'வரிசை' அறியாதவர் என்கின்றார். எவரெவர் எத்தகையர், எவரிடம் எவ்வளவு கொள்ளத்தகும் என்னுந் தரம் அறியாமையே ஆட்சியின் நோய் என்பது இதனாற் பெறப்படும். இக்காலத்து வளர்வீத வரியைப் பிசிராந்தையார் அன்றே கண்டறிந்துவிட்டார் என்று பெருமை பேசும் பேதைமை நமக்கு வேண்டா. அவர் கண்டது ஓர் உழவனின் வயல். கண்டதை மறைக்காது சொன்னார் என்பதே அவர் பெருமை.

இப்பாடல் 2019ஆம் ஆண்டு ஜூலை 5ஆந் திகதி டில்லிப் பாராளுமன்றத்தில் ஒலித்தது. இந்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தமது வரவு செலவுத் திட்ட உரையில் இதனை எடுத்துக்காட்டினார். தமிழர் பலர் அகமகிழ்ந்தனர். ஈராயிரம் ஆண்டுப் பாட்டுக்கு அரசவையில் இடங் கிடைத்தது என்ற மகிழ்ச்சி இயல்பானதே. நேர்மையாகக் கூறுவதாயின், அதே திட்டத்தில் மிகப் பெருஞ் செல்வர்மீதான மேல்வரி உயர்த்தப்பட்டது. ஆனால், இரண்டு மாதங்கள் கழித்து, அதே ஆண்டு செப்டெம்பரில், உள்நாட்டுக் கம்பனிகள் ஏனைய சலுகைகளைக் கைவிடுமாயின் 30 வீத அடிப்படை வரிக்குப் பதிலாக 22 வீதம் செலுத்தினாற் போதும் என அதே அரசு அறிவித்தது. ஒரு மாவிலும் குறைந்த நிலத்தவனுக்காக எழுந்த பாடல், நூறு வயலுடையோரின் காதுக்கும் இனிய சங்கீதமாகிவிடுகின்றது. பாடலை மேற்கோள் காட்டுவது எளிது. அப்பாடல் யாருக்காக வாதாடுகின்றது என்பதை நினைவில் வைத்திருப்பதே அரிது.

இவ்வளவு சொல்லியபின் பாடலின் குறையையும் சொல்லாது விடுதல் திறனாய்வாகாது. யானைக்கு எவ்வாறு, எவ்வளவு ஊட்டவேண்டும் என்று பிசிராந்தையார் சொன்னார். ஊட்டப்பெற்ற யானை என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. யானை இருக்கிறது, ஆதலால் அதற்குத் தீனி வேண்டும் என்ற அளவில் நின்றுவிடுகின்றது அவர் வாதம். கொண்ட பொருள் மீண்டும் குடிகளிடம் எவ்வழியிற் சென்று சேரும் என்ற வினாவுக்கு அப்பாடலில் இடமில்லை.

அவ்விடத்தைச் சிறிதளவு நிரப்புவது அதே தொகையின் 35ஆம் பாடல். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை வெள்ளைக்குடி நாகனார் பாடிய பாட்டு அது. நிலத்தின்மீதிருந்த பழங்கடனை நீக்கித் தருமாறு பாடி, அதனைப் பெற்றார் என்று கொளு கூறுகின்றது. பரிசில் வேண்டிப் பாடிய புலவர் கூட்டத்தின் நடுவே, வரிபாக்கிக்காகப் பாடிய இவர் குரல் தனித்து ஒலிக்கின்றது. அரசனின் வெண்குடை வெயிலை மறைப்பதற்காக எடுக்கப்பட்டதன்று, வருந்திய குடிகளுக்கு நிழல் தருவதற்காக எடுக்கப்பட்டது என்கின்றார். போர்க்களத்து வெற்றியும் உழுபடையின் விளைவே என அரசனுக்கு நினைவூட்டுகின்றார். மழை பொய்த்தாலும், விளைவு குன்றினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என எச்சரிக்கின்றார். அரசின் பொருள், படை, புகழ் அனைத்தும் ஏர்முனையிலிருந்தே எழுகின்றன என்ற உண்மையை இத்துணைத் துணிவோடு ஓர் அரசன் முகத்தெதிரே கூறிய பாடல்கள் மிகச் சிலவே.

ஆயினும் இங்கும் ஓர் எல்லை உண்டு. நாகனார் அரசனின் அருளை வேண்டுகின்றார். அருள் பிறந்தது, கடன் நீங்கியது. அருள் பிறவாதிருந்தால்? அப்பொழுது உழவன் எவரிடம் முறையிடுவான்? நல்ல புலவன் ஒருவன் அயலில் வாழ்ந்தமையால் ஓரூர் தப்பியது. புலவன் இல்லாத ஊர்களின் கதை நமக்குக் கிடைக்கவில்லை.

அக்கதையின் சில துணுக்குகளைப் பிற்காலத்துக் கல்வெட்டுக்களிற் காணலாம். முதலாங் குலோத்துங்கனைச் சுங்கந் தவிர்த்த சோழன் எனப் போற்றுவது நமது வழக்கம். தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், வண்ணாரப்பாறை, குசக்காணம் எனச் சோழர்காலக் கல்வெட்டுக்கள் அடுக்கும் பெயர்களையும் உடன் வைத்துப் படித்தல் வேண்டும். நெய்பவன், எண்ணெய் ஆட்டுபவன், பொன்வேலை செய்பவன், துணி வெளுப்பவன், பானை வனைபவன் எனக் கையால் உழைத்த எவனும் அப்பட்டியலிலிருந்து தப்பவில்லை. இறையிலி என்னுஞ் சொல்லும் நம்மை ஏமாற்றுவதாகும். கோயிலுக்கும் பிராமணர்க்கும் இறையிலியாக விடப்பட்ட நிலத்தை உழுதவன் ஒன்றுங் கொடாது இருந்தான் என்பது அதன் பொருளன்று. அரசன் பெற்றதைக் கோயிலும் பிராமணரும் பெற்றனர், உழுதவன் கொடுத்துக்கொண்டேயிருந்தான். பொற்காலம் என்று நாம் போற்றும் காலத்தை அந்த உழவன் எப்பெயரால் அழைத்தானோ!

இனி, மணிமேகலைக்கு வருவோம். கொள்ளுதலைப்பற்றிப் புறநானூறு பேசிற்று எனின், கொடுத்தலைப்பற்றிச் சாத்தனார் பேசுகின்றார். பசியை ஒரு சமுதாயக் கொடுமையாகக் கண்டு, அதனை ஒழிப்பதே தலையாய அறம் என முழங்கிய காப்பியம் அது. மணிபல்லவத்தில் மணிமேகலை பெறும் அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது. யானைத்தீ என்னும் தீராப் பசிநோயுற்ற காயசண்டிகை அதனால் நோய் நீங்குகின்றாள். மணிமேகலையின் வேண்டுகோளின்படி சோழன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகின்றான். சிறையை இடித்து அன்னசாலை அமைக்கும் கனவைக் கண்ட கவிஞனை முற்போக்காளராகிய நாம் வணங்காமலிருக்க முடியாது.

எனினும், அந்தப் பாத்திரத்துள் வந்த சோற்றை விளைவித்தவர் யார்? எவருமிலர். எவனும் உழவில்லை, எவனும் இறுக்கவில்லை, எவனும் தன் பங்கில் ஒரு பிடி குறைத்துக்கொள்ளவில்லை. பசித்தவன் வயிறு நிறைகின்றது. உள்ளவனின் களஞ்சியமும் குறையாதிருக்கின்றது. ஏழைக்கு உதவவேண்டும், ஆனால் எவர் பையிலும் கைவைக்கக்கூடாது என்று விரும்பும் மனத்துக்கு அமுதசுரபியைப்போல் இனிய கற்பனை வேறு கிடையாது. சாத்தனார் அத்துணை எளிதில் நம்மை விட்டுவிடவுமில்லை. வெறும் பாத்திரம் தானே சுரப்பதில்லை. ஆதிரை தன் மனையில் நின்று முதற்பிச்சை இட்டபின்னரே அது சுரக்கத் தொடங்குகின்றது. யாரோ ஒருவர் தம் உலையிலிருந்து எடுத்திட்டாலன்றி அற்புதமும் நிகழாது என்பதனை அவர் குறிப்பாகக் காட்டியுள்ளார்.

ஆகவே, நம் முன்னோர் விட்டுச்சென்ற முதுசொத்து இரண்டு துண்டுகளாகக் கிடக்கின்றது. ஒன்றிலே அளவறிந்து கொள்ளுதல் உண்டு. அது வறியவனிடம் சென்று சேரும் வழி இல்லை. மற்றதிலே வறியவனுக்குக் கொடுத்தல் உண்டு. கொடுப்பது எங்கிருந்து வந்தது என்ற கணக்கு இல்லை. இவ்விரண்டையும் பொருத்தும் கண்ணியே நீதியான வரி. உள்ளவன் தன் ஆற்றலுக்கேற்பக் கொடுப்பது தானமன்று, கடமை. இல்லாதவன் பெறுவது பிச்சையன்று, உரிமை. இக்கண்ணியை உருவாக்கியவர்கள் அரசர்களுமல்லர், புலவர்களுமல்லர். உழைக்கும் மக்களின் நீண்ட போராட்டங்களே அதனை உருவாக்கின.

நமது நாட்டின் வரலாறே இதற்குச் சான்று. 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துவக்குக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வளர்ந்த ஆண்கள் ஆண்டில் ஆறு நாள் தெருவேலை செய்யவேண்டும், அன்றேல் பணம் இறுக்கவேண்டும் என்றுஞ் சட்டஞ் செய்யப்பட்டது. நூறு ஏக்கர் கோப்பித் தோட்டம் உடையவனுக்கும் ஆறு நாள், ஒரு குடிசையே உடையவனுக்கும் ஆறு நாள். வரிசை அறியாமை என்பதற்கு இதனினுஞ் சிறந்த உரை எழுத முடியாது. அவ்வாண்டு ஜூலையில் மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஓகஸ்ட் 8ஆந் திகதி புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான்.

நெல்வரியின் கதை இதனிலும் கொடியது. தோட்ட நிலங்களுக்கு நிலவரி இல்லாதிருந்த நாட்டிலே, நெல்வயலுக்கு வரி தண்டப்பட்டது. 1880களில் வரி இறுக்க இயலாத வலப்பனைக் குடியானவர்களின் வயல்கள் விற்கப்பட்டன. நிலமிழந்தோர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தனர். 1892இல் அவ்வரி ஒழிக்கப்பட்டபோது, காப்பாற்றப்பட வேண்டியவர் பலர் மண்ணுக்குள் இருந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் நிலைமை மாறத் தொடங்கியது. 1932இல் வருமான வரிச் சட்டம் வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இக்கட்டுரையை எழுதுவோரும் படிப்போரும் அக்கல்வியின் பிள்ளைகளே. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்தொன்று 25 சதத்திலிருந்து 70 சதமாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு வழங்கிய மதிய பணிசும் நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடு ஹர்த்தாலில் ஸ்தம்பித்தது. மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலிற் கூடிற்று. அக்டோபரில் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். நாகனார் பாடி வேண்டியதை மக்கள் தெருவில் நின்று கேட்டனர். அருள் உரிமையாக மாறிய இடம் அதுவே.

ஆனால் அந்த உரிமையின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களை நாம் மறந்துவிடலாகாது. அக்காலத்து அரசாங்க வருமானத்தின் பெருந்தூண்களுள் ஒன்று தேயிலை ஏற்றுமதித் தீர்வை. அத்தேயிலையைக் கொய்த மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அவர்களின் பிள்ளைகளோ, 1970களில் அரசு பொறுப்பேற்குமட்டும், தோட்டப் பாடசாலைகளின் ஒற்றை அறைக்குள் கிடந்தனர். நமது வகுப்பறைகளின் சுவர்களிலே அவர்கள் வியர்வையும் கலந்திருக்கின்றது. அச்சுவர்களுக்குள் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளையின் தேயிலைத் தோட்டப் பாடல்களை மலையின் எழிலுக்காக மட்டும் படிப்பவர்கள், இந்தக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

அண்மைக்கால வரலாறு அனைவரும் பட்டறிந்தது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு முப்பது இலட்சம் ரூபாவரை வருமானமுடையோர் வருமான வரியிலிருந்து விடுவிக்கப்பட்டனர். வரிகுறைந்தால் வயல் தழைக்கும் என்று மேடைகளிற் பேசப்பட்டது. வேலோடு வழிமறிப்பவனைக் கோலோடு கேட்கும் அரசனுக்கு ஒப்பிட்ட வள்ளுவரையும் துணைக்கழைத்தனர் சிலர். கோல் கோடிய அரசனைப் பழித்த குறளை, வரி என்ற ஒன்றையே பழிக்கும் குறளாகத் திரித்தவர்கள் அவர்கள். உள்நாட்டு உற்பத்தியிற் பன்னிரண்டு வீதமளவில் இருந்த வரிவருமானம் எட்டு வீதமளவுக்குச் சுருங்கிற்று. அக்காலத்துக் கொள்ளை நோயும், பழங்கடனும், உர இறக்குமதித் தடையும் உடன்சேர்ந்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனை இறுக்க இயலாது என நாடு அறிவித்தது.

யானை பட்டினி போடப்பட்டது. ஆயினும் சிறுவயல் தழைக்கவில்லை. பெரியவயல்காரர் சில காலம் கூடுதலாக அறுத்தனர். அவ்வாண்டிலே காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளை நாம் தூக்கிச் சென்றிருக்கின்றோம். காரணம் கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. ஒரு சிறுமி, 'காலமை சாப்பிட இன்றைக்குத் தம்பியின் முறை, ரீச்சர்' என்று தானாகவே சொன்னாள். அமுதசுரபியை அன்று பாடமாக நடத்துவதற்கு நமக்கு நா எழவில்லை.

பின்னர் யானை மீண்டும் வயலுக்குள் வந்தது. பெறுமதி சேர் வரி 2022இல் 12 வீதமாகி, 15 வீதமாகி, 2024 ஜனவரியில் 18 வீதமாயிற்று. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த சமையல் எரிவாயுவும் அதற்குள் அடங்கிற்று. வருமான வரியும் உயர்த்தப்பட்டது மெய்யே. நம் ஆசிரியரிலும் சிலர் அதனை இறுக்கினர். ஆயினும் கடையில் வாங்கும் பொருளுக்கு மாளிகையிலிருப்பவனும் லயத்திலிருப்பவளும் ஒரே வீதமே இறுக்குகின்றனர். அவன் வருமானத்தின் பெரும்பகுதி கடைக்கு வருவதில்லை. அவள் வருமானம் முழுவதும் கடைக்கே வருகின்றது. 1848ஆம் ஆண்டின் ஆறு நாட் தெருவேலைக்கும் இதற்கும் வடிவத்திலன்றி உள்ளடக்கத்தில் எத்துணை வேற்றுமை உண்டு என்று வாசகர்களே முடிவுசெய்யட்டும்.

இதனால் வரியே வேண்டாம் என்று கூறுவது முற்போக்கு வாதமாகாது. அவ்வாறு எண்ணும் நண்பர்களோடு நாம் முற்றாக மாறுபடுகின்றோம். வரி இல்லாத நாட்டிற் செல்வன் தன் பிள்ளைக்குப் பாடசாலையையும் வைத்தியரையும் விலைக்கு வாங்கிக்கொள்வான்; வறியவனுக்கோ அரசாங்கப் பாடசாலையும் ஆசுபத்திரியும் தவிர வேறு செல்வமில்லை. அவை வரியாலேயே வாழ்கின்றன. நாம் கேட்பது மிகவும் எளியது: ஆற்றலுக்கேற்பக் கொள்க, தேவைக்கேற்ப வகுக்க, வாங்கியதையும் வகுத்ததையும் மக்கள் முன்னிலையிற் கணக்குக் காட்டுக.

நம் எழுத்தாளர்களுக்கு இங்கே பெரும்பணி காத்திருக்கின்றது. வறுமையைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கின்றோம். கண்ணீரும் குப்பிவிளக்கும் ஒழுகுங் கூரையும் நம் சிறுகதைகளில் நிரம்பி வழிகின்றன. இரக்கம் எழுகின்றது, கதை முடிகின்றது. அவ்வறுமையின் பற்றுச்சீட்டு எவர் கையில் இருக்கின்றது என்று எழுதியவர் சிலரே. கடைக்காரன் எழுதிக்கொடுக்கும் துண்டையும், அஸ்வெசும விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும் கிழவியையும், கணக்காளனின் துணையோடு வரிதப்பும் கனவானையும் ஒரே கதைக்குள் கொண்டுவரும் எழுத்தாளனை எதிர்பார்த்து நிற்கின்றோம்.

ஆசிரியர்களாகிய நாம் செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. பிசிராந்தையாரின் உவமையின் அழகை விளக்குக என்று இனியுங் கேட்போம், அதிற் பிழையில்லை. அதனுடன் இன்னுமொரு வினாவையுஞ் சேர்ப்போம்: இந்நிலம் யாருடையது? யானை எவர் வயலுக்குள் நிற்கின்றது? வரும் தமிழ்த்தின விழாவிலே கட்டபொம்மனும் கும்பினித் துரையும் வாதாடி ஓய்ந்தபின், அரங்கின் ஓரத்திலிருந்து உழவன் ஒருவனையும் நடுவே வரவிடுவோம். அவனுக்குரிய வசனத்தை எழுதித்தர இதுவரை எவரும் முன்வரவில்லை. மாணவர்களே எழுதட்டும்.